கஞ்சி போட்ட பிரெஞ்சு

ஆர்னே எழும்பி நின்றார்.

ஒஸ்லோவில் எங்கள் ஸ்டோவ்னர் மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு பொது மண்டபம் இருக்கிறது. பிறந்தநாள், சாமத்தியவீடு, குடியிருப்பின் வருடாந்தக் கூட்டம் எல்லாம் அங்கேதான். அன்றைக்கு அங்கே விருந்தாளிகள் இருபது பேர். ஒன்பது பேர் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள், மற்றவர்கள் ஆர்னேயின் நோர்வே உறவினர்கள். மேசையில் வாஃபல், பழுப்புச் சீஸ், ஸ்ட்ரோபெரி ஜாம், அவற்றுக்கு நடுவே என்னுடைய மீன் ரோல்ஸ். முதலில் முடிந்தது ரோல்ஸ்தான் என்பதை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

ஆர்னே என் கீழ்வீட்டுக்காரர். எழுபத்தெட்டு வயது. ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனி மாத வெயிலிலும் கம்பளிக் கோட்டோடு நின்றார். கோட்டின் இடப்பக்கப் பொக்கற்றில் சில தாள்கள், வலப்பக்கப் பொக்கற்றில் ஒரே ஒரு தாள். எல்லாம் நான் டைப் பண்ணிக் கொடுத்தவை. இடப்பக்கத்தில் சிரிப்பு இருந்தது. வலப்பக்கத்தை அவர் வெளியே எடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். அதை விட்டுவிடச் சொல்லி என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர்.

அவருக்குப் பக்கத்தில் என் மகள் மதுரா. நோர்வேஜிய மொழியில் அவர் சொல்வதை அமெரிக்கர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது அவளுடைய வேலை.

“எனக்கு அண்டைக்கு வக்ட் இருக்கு அம்மா” என்று முதலில் தட்டிக் கழித்தாள். மருத்துவத் தாதி. வக்ட் என்றால் வேலை முறை. பிறகு எப்படியோ முறையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ரோல்ஸுக்காக என்றாள்.

ஒரு வாசகியின் கேள்வி

போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: “நோர்வேக்காரரிட்டை நீங்கள் போய்க் கேட்டதுகளைத்தானே எழுதுறீங்கள், அவை உங்களிட்டை ஏதும் கேட்டு வந்ததில்லையோ?”

வந்தார்கள். ஆர்னே வந்தார். ஒரு சனிக்கிழமைக் காலை, ஸ்கீ சப்பாத்து வாங்கிய பழைய மட்டைப் பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் கதவடியில் நின்றார்.

“நீங்கள் பழைய எழுத்து வாசிப்பீங்களாமே?”

இதற்கிடையில் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆர்னே ‘நீங்கள்’ என்று கேட்கவில்லை. நோர்வேயில் எல்லோரும் எல்லோருக்கும் ‘நீ’தான். பிரதமரும் ‘நீ’, பல் பிடுங்குகிறவரும் ‘நீ’. வந்த புதிதில் இதைக் கேட்டு எனக்கு நெஞ்சு அடைத்தது. முப்பது வருடமாக நானும் ஆர்னேயை ‘நீ’ என்றுதான் கதைக்கிறேன். ஆனால் அதையே தமிழில் எழுதப் போனால் கை ஏவுவதில்லை. ஆகையால் இந்தப் பக்கங்களில் ஆர்னே யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பார், மரியாதையாகவும் கதைப்பார். அவருக்கு இது தெரியாது.

பெட்டிக்குள் நாற்பத்தொரு கடிதங்கள். எல்லாம் நூற்றைம்பது வருடத்துக்குக் கிட்ட. நோர்வேஜிய மொழிதான், ஆனால் கோதிக் கையெழுத்து. அந்தக் காலத்து நோர்வேக்காரர் எழுதியதை இந்தக் காலத்து நோர்வேக்காரரால் வாசிக்க முடியாது. மூன்று நான்கு எழுத்துகள் ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல் வேலிக்கம்பி மாதிரி வரிசையாக நிற்கும். நான் வேலை செய்வது ஓர் ஆவணக் காப்பகத்தில். பழைய தேவாலயப் பதிவேடுகளில் யார் பிறந்தார், யாரைக் கல்யாணம் முடித்தார், எதனால் செத்தார் என்று வாசித்துக் கணினியில் ஏற்றுவது என் தொழில். எங்கள் மாடியில் நூற்றிருபது வீடு. அதில் ஆர்னேயின் பூட்டிக்கு வந்த கடிதத்தை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள், நல்லூரிலிருந்து வந்த நான்.

“கொஞ்சம் பகிடிதான்” என்றார் ஆர்னே.

“கொஞ்சமில்லை” என்றேன்.

பேராசிரியர் எலியாஸ்

கடிதங்களை எழுதியவர் எலியாஸ். ஆர்னேயின் பூட்டியின் தமையன். இளவயதில் கப்பலேறி அமெரிக்கா போய், அங்கே நடுமேற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் நவீன மொழிகளின் பேராசிரியராக இருந்தவர். பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மூன்றும் அவர் ஒருவரே. அந்தக் காலத்தில் அங்கே லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும்தான் மதிப்பு. நவீன மொழி என்பது பியானோ வாசிப்பது மாதிரி, தெரிந்தால் நல்லது. மூன்றுக்கும் சேர்த்து ஒரு கதிரை போட்டிருந்தார்கள்.

ஆர்னேயின் குடும்பத்தில் எலியாஸ் ஒரு குலதெய்வம். ஒன்பது மொழி தெரியும் என்பார்கள். ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு மொழி கூடியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

“எங்கடை ரத்தத்திலை மொழி ஓடுது” என்று ஆர்னே அடிக்கடி சொல்லுவார். அவருக்கு நோர்வேஜிய மொழி தெரியும். ட்ராமில் சுற்றுலாப் பயணிகளுக்கு ‘லாஸ்ட் ஸ்டொப், ப்ளீஸ்’ சொல்லத் தெரியும்.

எலியாஸின் பூட்டப்பிள்ளை லின்டா, ஓய்வுபெற்ற ஆசிரியை, தன் ஆட்களோடு ஆனி மாதம் ஒஸ்லோ வருகிறார். வருகிறவர்களுக்கு முன்னால் இந்தக் கடிதங்களை வாசித்துப் பெருமைப்பட வேண்டும் என்பது ஆர்னேயின் ஆசை. இப்போதைய எழுத்தில் டைப் பண்ணித் தர முடியுமா என்று கேட்டார். ஒப்புக்கொண்டேன்.

காலர், கஃப், சவர்க்காரம்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்னே கோப்பிப் போத்தலோடு மேலே வருவார். நான் வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார்.

ஐந்தாவது கடிதத்தில் கண்ணைத் திறந்தார்.

எலியாஸுக்கு ஜெர்மன் தெரிந்திருந்தது. அமெரிக்கா போகுமுன் ஹம்பேர்க் துறைமுகத்தில் இரண்டு வருடம் மூட்டை சுமந்தவர். பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. பல்கலைக்கழகத் தலைவர் கேட்டபோது ‘தெரியும்’ என்று சொல்லிவிட்டார். ‘மாறென், வகுப்புத் தொடங்க எனக்குப் பத்துக் கிழமை இருக்கிறது’ என்று தங்கைக்கு எழுதுகிறார். ‘கடவுள் உலகத்தை ஒரு கிழமையில் படைத்தார், ஆனால் அவருக்குப் பிரெஞ்சு வினைச்சொற்கள் இருக்கவில்லை.’

“ஸ்பானிஷ்?” என்று கேட்டார் ஆர்னே.

ஸ்பானிஷும் தெரியாது. அதற்கு எலியாஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். ஸ்பானிஷ் வகுப்பை வெள்ளிக்கிழமை விடியக் காலை ஆறு மணிக்குப் போட்டார். ஒருவரும் வரவில்லை.

பிரெஞ்சைப் படித்தது அவர் தங்கியிருந்த விடுதிக்கு உடுப்புத் தோய்க்க வந்த பெண்ணிடம். கனடாவில் பிரெஞ்சு கதைக்கிற பக்கத்திலிருந்து வந்தவர். பின்னேரங்களில் அவர் இஸ்திரிப் பெட்டியால் உடுப்பு மினுக்க, எலியாஸ் பக்கத்தில் நின்று காலருக்குக் கஞ்சி போட்டுக் கொடுத்துக்கொண்டே சொற்களைக் கேட்டு எழுதினார். அன்று பின்னேரம் படித்ததை அடுத்த நாள் காலை வகுப்பில் படிப்பித்தார். மாணவர்களைவிட எப்போதும் ஒரு பாடம் முன்னால். யாராவது தெரியாத சொல்லைக் கேட்டால், ‘அது அடுத்த கிழமைப் பாடம்’.

இதில் ஒரு சிக்கல். அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தது தான் புழங்கிய சொற்களை. வருட முடிவில் பாரிஸ் போய் வந்த ஒரு பணக்கார அம்மையார் வகுப்பைப் பார்க்க வந்தார். முதல் வாங்கில் இருந்த கெட்டிக்காரனிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அவன் எழுந்து நின்று, குனிந்து வணங்கி, அப்பழுக்கில்லாத பிரெஞ்சில் சொன்னான்: ‘கஃப் இரண்டிலும் மஞ்சள் பட்டிருக்கிறது அம்மா. செவ்வாய்க்கிழமை வந்து எடுங்கள்.’

ஆர்னே சிரித்த சிரிப்பில் கோப்பி மூக்கால் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதைத்தான் வாசிக்கவேணும், இதைத்தான்” என்றார். ஒன்பது மொழி மூன்றாகி, மூன்று ஒன்றரையாகியும் அவருக்குக் கவலையில்லை. எனக்கு அவரில் அன்றைக்குத்தான் உண்மையாகவே பிடிப்பு வந்தது.

இருபத்தேழாவது கடிதம்

சிரித்துக்கொண்டே இருபத்தேழுக்கு வந்தோம்.

அந்தத் தோய்க்கிற பெண்ணுக்குப் பதினாறு வயதில் ஒரு மகள். வாசிப்பதில் ஆசைப்பட்ட பிள்ளை. பல்கலைக்கழகம் அப்போதுதான் சில பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. ‘என் மகள் கடைசி வாங்கில் இருந்து கேட்கட்டும், தலைவரிடம் ஒரு சொல் சொல்லுங்கள்’ என்று அவர் எலியாஸிடம் கேட்டார். மூன்று வருடத்தில் அவர் கேட்ட ஒரே உதவி. எலியாஸ் பார்க்கிறேன் என்றார். பார்க்கவில்லை. உடுப்புத் தோய்க்கிற பெண்ணை உனக்கு எப்படித் தெரியும் என்று தலைவர் கேட்டால் என்ன சொல்வது?

பிறகு ஒரு காலை, தலைவரோடு அவர் நடந்துபோகையில் அந்தப் பெண் உடுப்புக் கூடையோடு எதிரே வந்தார்.

‘அவள் எனக்கு பொஞ்சூர் என்று வணக்கம் சொன்னாள். மாறென், அவள் எனக்குச் சொல்லித் தந்த முதலாவது சொல் அதுதான். பதிலுக்கு நான் தொப்பியைத் தொடவில்லை. தலைவர் யாரென்று கேட்டார். தெரியாது என்றேன். அடுத்த கிழமை விடுதிக்கு வேறொருத்தி உடுப்பெடுக்க வந்தாள்.’

நான் வாசித்து நிறுத்தினேன். ஆர்னே கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

“சரியா வாசிச்சனீங்களோ? அந்த எழுத்து பிழைக்கிற எழுத்தெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“ஆர்னே, இருபது வருசத்துக்கு மேலா நான் இதைத்தான் செய்யிறன்.”

“அப்ப அதை விடுங்கோ. மற்றதுகளை டைப் பண்ணித் தாங்கோ. அமெரிக்காவிலையிருந்து காசு செலவழிச்சு வருகிற சனத்துக்கு இதையோ வாசிக்கிறது?”

நான் நாற்பத்தொன்றையும் டைப் பண்ணினேன். இருபத்தேழைத் தனித்தாளில் எடுத்து, கட்டின் ஆக அடியில் வைத்து, அவருடைய தபால் பெட்டிக்குள் போட்டேன். அவர் வந்து நன்றி சொல்லவில்லை. இரண்டு கிழமை லிஃப்டில் சந்தித்தபோதெல்லாம் வானிலை பற்றிக்கூடக் கதைக்கவில்லை. நோர்வேயில் இதற்கு மேல் ஒரு சண்டை கிடையாது.

என்னுடைய பத்துக் கிழமை

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வந்தது என்பதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

காப்பகத்து நேர்முகத்தில் என்னிடம் கேட்டார்கள்: “கோதிக் கையெழுத்து வாசிப்பீங்களோ?” நான் “ஓம்” என்றேன். அது என்ன என்றே எனக்குத் தெரியாது. நான் வேலை தேடித் திரிந்த காலம் அது. அந்தக் காலத்தில் நீந்தத் தெரியுமா, குதிரை ஓட்டத் தெரியுமா என்று கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதல் நாள் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வேர்த்துப்போய் இருந்தேன். பக்கத்து மேசையில் பியோர்க் என்றொருத்தி. என்னிலும் பத்து வயது மூத்தவள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மதிய இடைவேளையில் தன் பாண் துண்டுகளைப் பொதியோடு எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

“செத்தவையிலையிருந்து தொடங்குவம்” என்றாள். “பெயருகள் கஷ்டம். நோய் வருத்தங்கள் திரும்பத் திரும்ப ஒண்டுதான்.”

கோதிக்கில் நான் பிழையில்லாமல் வாசித்த முதல் சொல் ‘வயிற்றோட்டம்’. அடுத்தது ‘குக்கல்’ இருமல். நான்கு மாதம் மதியச் சாப்பாட்டோடு வயிற்றோட்டமும் குக்கலும் சேர்த்துப் படித்தேன்.

பல வருடங்களுக்குப் பிறகு எனக்கு ஒரு பதவி உயர்வு. கேக் வெட்டினார்கள், பூங்கொத்துக் கொடுத்தார்கள். மேலதிகாரி எல்லோருக்கும் முன்னால் கேட்டார், “இந்த எழுத்தை எங்கே படிச்சனீங்கள்?”

பியோர்க் எனக்கு நேரே எதிரில் இருந்தாள்.

நேர்முகத்தில் பொய் சொன்னது வெளியே வந்துவிடும் என்று பயமா, அன்றைக்கு முழுப் பூங்கொத்தும் எனக்கே வேண்டும் என்ற ஆசையா, தெரியாது. “நானாத்தான் படிச்சன்” என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். பியோர்க்கும் தட்டினாள். அடுத்த வருடம் ஓய்வு பெற்றாள். அதன் பிறகு எங்களுக்குள் நத்தார் வாழ்த்து அட்டை மட்டும்தான்.

இந்தக் கதையை என் பிள்ளைக்கும் சொன்னதில்லை. ஆர்னேக்குச் சொன்னேன். விருந்துக்கு மூன்று நாள் முன்னம், நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் அறையில் இருவரும் மெஷின் முடியும்வரை காத்துக்கொண்டு நின்றபோது. வேறு ஒன்றும் கதைக்க இல்லாததால் சொன்னேன்.

அவர் கேட்டு முடித்துவிட்டு, “அந்த பியோர்க் இப்ப எங்கை?” என்றார்.

“ட்வெய்ட்டாவிலை.”

“இஞ்சையிருந்து அரை மணித்தியாலம். போய்ப் பாத்தனீங்களோ?”

“இல்லை.”

“அப்ப என்னிலை ஏன் கோவிக்கிறீங்கள்?”

மெஷின் நின்றது. அவர் தன்னுடைய காலுறைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

தொப்பி

இனி மண்டபத்துக்கு வருவோம்.

ஆர்னே இடப்பக்கத் தாள்களை எடுத்தார். பத்துக் கிழமைக் கதை, வெள்ளிக்கிழமை ஆறு மணி ஸ்பானிஷ், கஃபில் மஞ்சள். மதுரா சொல்லச் சொல்ல அமெரிக்கர்கள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். லின்டா சிரித்துச் சிரித்துப் பக்கத்தில் இருந்தவரின் தோளில் சாய்ந்துவிட்டார். அங்கேயே நிறுத்தியிருந்தால் அது ஒரு அருமையான விருந்து.

ஆர்னே தண்ணீர் குடித்தார். ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு வலப்பக்கப் பொக்கற்றுக்குள் கையை விட்டார்.

அவர் ஒரு ட்ராம் சாரதி. அடுத்த தரிப்பிடத்தை அறிவிக்கிற மாதிரித்தான் வாசித்தார், ஏற்ற இறக்கம் இல்லாமல். ‘நான் தொப்பியைத் தொடவில்லை’ என்ற இடத்தில் மட்டும் நின்றார். மதுரா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். முன்கூட்டியே கடிதத்தைப் படித்திராததால் அவளுடைய குரலும் அங்கே தடக்கியது. வாஃபல் மெஷினின் சிவப்பு விளக்கு அணைந்து எரிந்தது. ஒருவரும் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

“அவ்வளவுதான்” என்று ஆர்னே தாளை மடித்தார். “எங்கடை ஆள் கெட்டிக்காரன். ஆனா இப்பிடியும் செய்தவர்.”

லின்டா கையை உயர்த்தினார், வகுப்பில் உயர்த்துவது போல.

“அந்தப் பெண்ணின் பெயர் என்ன?”

மதுரா என்னைப் பார்த்தாள். ஆர்னேயும் பார்த்தார். நாற்பத்தொரு கடிதத்தையும் எழுத்தெழுத்தாக வாசித்தவள் நான். தலைவரின் பெயர் இருக்கிறது. தலைவருடைய நாயின் பெயர்கூட இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. எல்லா இடத்திலும் ‘தோய்க்கிறவள்’.

“இல்லை, எழுதேல்லை” என்றேன்.

நல்லூரில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பெண் வந்து உடுப்பு மூட்டை எடுத்துப்போவார். கிழமைக்கு ஒரு முறை, நான் பள்ளிக்கூடம் படித்த காலம் முழுக்க. மண்டபத்தில் நின்றபடியே அவருடைய பெயரை யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. ஒருவரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

லின்டா ஊருக்குத் திரும்பிப் போய்த் தேடினார். அந்த ஊரின் பழைய விபரப் புத்தகத்தில் பாதிரிமார், கடைக்காரர், பல் வைத்தியர் எல்லோரும் இருக்கிறார்களாம். தோய்க்கிற பெண்கள் யாரும் இல்லையாம். இன்னும் தேடுகிறேன் என்று இலையுதிர் காலத்தில் ஆர்னேக்கு எழுதியிருந்தார்.

ட்வெய்ட்டா

விருந்து முடிந்து கதிரைகளை அடுக்கும்போது ஆர்னே பக்கத்தில் வந்தார். “நான் என்ரை பங்கைச் செய்திட்டன்” என்றார். இப்படிப்பட்ட மனிதரோடு ஒரே லிஃப்டில் போய்வருவது லேசான காரியமில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பியோர்க்குக்குத் தொலைபேசி எடுத்தேன்.

ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் உள்ள வெதுப்பகத்தில் இருந்தோம். பியோர்க்கின் தலை முழுக்க நரைத்துவிட்டது. நடப்பதற்குத் தள்ளுவண்டி வைத்திருக்கிறாள். ஆனால் கறுவாப் பணிசை இரண்டாகப் பிட்டுப் பெரிய பாதியைத் தன் பக்கம் வைக்கிற பழக்கம் மாறவில்லை.

நான் வீட்டிலிருந்து ஆயத்தப்படுத்திக்கொண்டு வந்த பேச்சு நான்கு வசனத்தில் முடிந்துபோனது. அண்டைக்குக் கேக் வெட்டேக்கை நான் பொய் சொன்னன். நானாப் படிக்கேல்லை. நீதான் சொல்லித் தந்தனி. என்னை மன்னிச்சுக்கொள்.

பியோர்க் மென்று முடித்தாள்.

“நீ கவனிச்சிருக்க மாட்டாயெண்டு நினைச்சன்” என்றேன்.

“ஏன் கவனிக்காமல்? கவனிச்சன். அந்தக் கோவத்திலை உன்ரை கேக்கிலை மூண்டு துண்டு சாப்பிட்டன். எனக்குச் சீனி வருத்தம்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

“இத்தனை வருசமா ஏன் ஒண்டும் சொல்லேல்லை?”

“அது நான் சொல்லவேண்டியதில்லை. நீ சொல்லவேண்டியது.” கோப்பியை ஒரு மிடறு குடித்தாள். “எனக்கு இப்ப ஒரு காது கேக்காது. இன்னொருக்காச் சொல்லு.”

நான் மற்றக் காதுப் பக்கம் குனிந்து, எனக்கு அந்த எழுத்தைச் சொல்லித் தந்தது நீதான் என்றேன்.

“கொஞ்சம் சத்தமா.”

அவளுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்பது அந்த நேரம் எனக்குப் புரிந்தது. வெதுப்பகத்தில் பாண் வாங்க எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். மூலை மேசையில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது.

கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன்.